விறகின்றி வெந்நீர்: கழனிக்கும் தறி வீட்டுக்கும் ஏற்ற எளிய வெயில் குளியல் தொட்டி

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியை அடுத்த சேவூரில் தறியும் உண்டு, கழனியும் உண்டு. பகல் முழுவதும் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மாலையில் முழங்காலும் இடுப்பும் பிடித்துக் கொள்ளும். சேற்றில் நின்று நாற்று நட்டு வருபவருக்கும், கொல்லையில் மணிலா பிடுங்கி வருபவருக்கும் அதே நிலைதான். இரு தரப்பாருக்கும் மாலையில் வேண்டியது ஒரு வாளி வெந்நீர்.

அந்த ஒரு வாளிக்காக எரியும் விறகை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சமையலுக்கு எரிவாயு அடுப்பு வந்த பிறகும், குளிக்கிற தண்ணீருக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றும் வீடுகள் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. வேலிகாத்தான் முள்ளை வெட்டி, காய வைத்து, தலையில் சுமந்து வந்து, கண் எரிய ஊதுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்து வருகிறது. வாசலில் வெயில் சும்மா காய்ந்து கொண்டிருக்கிறது.

குளியலுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

வெயிலைக் கொண்டு வெந்நீர் போடுவது என்றதும் கண்ணாடிக் குழாய்களும் பெரிய செலவும் நினைவுக்கு வருகின்றன. குளியலுக்கு அவ்வளவு தேவையில்லை. உடம்புக்கு இதமான நீரின் சூடு சுமார் 40 டிகிரி சென்டிகிரேடு. நம் பக்கத்துக் கிணற்று நீரோ இயற்கையாகவே 27 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆக, ஏற்ற வேண்டியது 13 டிகிரிதான். மார்கழி விடியலில் பம்பு செட்டிலிருந்து பாயும் நீர் வெதுவெதுப்பாகத் தோன்றுவது இதனால்தான். கிணற்று நீர் சூடேறுவதில்லை. வெளிக்காற்றுதான் அதைவிடக் குளிர்ந்திருக்கிறது. மோட்டார் ஓடும் நேரத்தில் கழனியிலேயே குளித்து விடுகிறவருக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் அவசியமில்லை. மாடித் தொட்டியில் இரவெல்லாம் ஆறிப்போன நீரில் குளிப்பவருக்கும், பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவருக்கும், சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கும்தான் இது வேண்டும்.

20 லிட்டர் வாளி நீரை 13 டிகிரி ஏற்ற, மின்சாரக் கணக்கில் சொன்னால், 0.3 யூனிட் வெப்பம் வேண்டும். தெளிந்த நாளில் தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயிலின் அளவு சுமார் 5 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தாலும் ஐந்து பேர் குளிக்கலாம்.

விறகின் கணக்கு வேறு. ஒரு கிலோ காய்ந்த விறகில் நாலு யூனிட்டுக்கு மேல் வெப்பம் உண்டு. ஆனால் திறந்த கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் நீரில் சேரும். மிச்சம் புகையோடும் காற்றோடும் போய்விடும். எனவே ஒரு வாளிக்கு முக்கால் கிலோ விறகு ஆகிறது. ஐந்து பேர் வெந்நீரில் குளிக்கும் வீட்டில் மாதம் 100 கிலோவுக்கு மேல் விறகு இதற்கே போகும்.

பீப்பாயை வெயிலில் வைத்தால் போதாதா?

பலரும் முதலில் செய்து பார்ப்பது இதுதான். 200 லிட்டர் இரும்புப் பீப்பாய்க்குக் கறுப்புச் சாயம் அடித்து, நீர் நிரப்பி, வெயிலில் நிறுத்துவார்கள். மாலையில் தொட்டுப் பார்த்தால் ஏமாற்றம். மேல் நீர் மட்டும் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் விழும் பரப்பு அரைச் சதுர மீட்டர். சூடாக வேண்டிய நீரோ 200 லிட்டர். கணக்குப்படி பார்த்தாலே தை மாதத்தில் நாலைந்து டிகிரிக்கு மேல் ஏறுவது அரிது.

ஆகவே நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: நீர் மெல்லியதாகப் பரவி நிற்க வேண்டும். ஆழம் நாலு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நெல்லைக் குவித்து வைத்தால் காயாது, களத்தில் பரப்பினால்தான் காயும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீருக்கும் அதே நியாயம்தான்.

இந்த யோசனை புதிதும் அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்புச் சாயம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து வெந்நீர் எடுக்கும் சாதனத்துக்கு 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வெயில் மிகுந்த கலிபோர்னியாவில் அது நன்றாக விற்றது. அதன் குறை, பொழுது சாய்ந்ததும் நீர் ஆறிவிடுவது. 1909இல் வில்லியம் பெய்லி என்பவர் வெயில் வாங்கும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் தொட்டியையும் தனித்தனியே பிரித்து அந்தக் குறையைத் தீர்த்தார். இன்று மாடிகளில் காணும் சாதனங்கள் அந்த வழியில் வந்தவை.

நம் நாட்டில் இராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் 1970களில் பழைய வழியையே எடுத்துக் கொண்டு எளிமையாக்கியது. வெயில் வாங்குவதும் நீரைத் தேக்குவதும் ஒரே தட்டைத் தொட்டி. அது கொள்ளும் நீர் 90 லிட்டர். ஆழம் 10 சென்டிமீட்டர். இரவில் மேலே கனமான மூடி போட்டால் காலையிலும் சூடு கிடைக்கும். சிறு குடும்பத்துக்கு இந்த அமைப்பே பொருத்தம். பழுதானால் உள்ளூர் பட்டறையிலேயே சரி செய்து கொள்ளலாம் என்பது இதன் பெரிய லாபம்.

தொட்டி செய்யும் விதம்

20 கேஜ் துத்தநாகத் தகட்டில் நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம், நாலு அங்குல உயரத்தில் மூடிய தொட்டி ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்ல வேண்டும். இது 90 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொள்ளும். ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். சாய்த்து வைத்து நீர் நிரப்பியதும் தட்டையான தகடு வயிறு தள்ளும். அதைத் தடுக்க, மேல் தகட்டையும் அடித் தகட்டையும் இணைத்து உட்புறம் ஏழெட்டு இடங்களில் முட்டுக் கம்பிகள் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் தொட்டி சில நாளில் மூட்டு விட்டு ஒழுகும். பற்ற வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்து போகும். முதலில் துருப் பிடிப்பது அங்கேதான். கையில் வசதியிருந்தால் எவர்சில்வர் தகட்டில் செய்வது பல ஆண்டு உழைக்கும்.

தொட்டிக்கு மூன்று வாய்கள் போதும். மேல் மூலையில் நீர் நிரப்பும் வாய். அதற்கு எதிர் மூலையில் காற்றும் மிகுதி நீரும் வெளியேறும் வாய். தாழ்ந்த விளிம்பில் குளியலுக்குத் திறக்கும் வாய். காற்று வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதற்கு நுண்ணிய வலை கட்டாவிட்டால் கொசு முட்டையிடும்.

மேல் முகத்துக்குப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் மங்கலான கறுப்புச் சாயம் பூச வேண்டும். பளபளக்கும் எனாமல் சாயம் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

தொட்டியை வைக்க மரப்பெட்டி செய்யலாம். செங்கல்லால் பாத்தி கட்டுவது மலிவு. அடியில் பாலிதீன் தாள் விரித்து, தொட்டி உட்காரச் செங்கல் முட்டுகள் வைத்து, அடியிலும் நாலு பக்கமும் நாலு அங்குலத்துக்கு உலர்ந்த உமியை நிரப்ப வேண்டும். சூட்டைத் தடுத்து நிறுத்துவதில் உமி கெட்டிக்காரப் பொருள். அரிசி ஆலைகள் நிறைந்த ஆரணி வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் தொட்டியின் பாரம் முழுவதையும் உமியின் மேல் ஏற்றக்கூடாது. அமுங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

தொட்டிக்கு ஓர் அங்குலம் மேலே 4 மில்லிமீட்டர் சன்னல் கண்ணாடி வர வேண்டும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சேர்ந்த சூட்டை எளிதில் வெளியே விடாது. காற்று பட்டு ஆறுவதையும் தடுக்கும். இடித்த வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் இரண்டு மூன்று கிடைத்தாலும் போதும். சேர்க்கும் இணைப்பு சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக அமைய வேண்டும். குறுக்கே வந்தால் மழைநீர் அங்கே தங்கி உமிக்குள் இறங்கும். நனைந்த உமி சூட்டைக் காக்காது. பூஞ்சை பிடித்து நாறும். கண்ணாடி இல்லாமலும் இந்தத் தொட்டி வேலை செய்யும் என்றாலும், காற்று வீசும் நாளில் கிடைக்கும் சூடு பாதியாகக் குறையும்.

வைக்கும் இடமும் சாய்வும்

தொட்டியின் முகம் தெற்கு நோக்க வேண்டும். வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 20 அங்குலம் உயர்ந்திருந்தால் மார்கழி, தை மாத வெயிலுக்குச் சரியான சாய்வு கிடைக்கும். வெந்நீர் தேவைப்படுவது அந்த மாதங்களில்தானே. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் இவ்வூருக்குச் சற்று வடக்கே நகர்ந்து நிற்கும். அப்போது இந்தச் சாய்வு உகந்ததல்ல. அந்த வெயிலில் வெந்நீரை யார் தேடப் போகிறார்கள்?

நிழலைப் பார்த்து இடம் தேர்வது முக்கியம். மார்கழி நண்பகலில் 30 அடித் தென்னையின் நிழல் வடக்கே 22 அடி வரை விழும். கோடையில் பார்த்து இடம் குறித்துவிட்டு, குளிர்காலத்தில் தொட்டி நிழலில் நிற்பது வழக்கமாக நேரும் தவறு. காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் படாத இடமே வேண்டும்.

நீர், தகடு, கண்ணாடி, உமி எல்லாம் சேர்ந்தால் பாரம் 140 கிலோவை நெருங்கும். குளியலறைக்குக் காரைத் தளம் இருந்தால் அதன் மேல் வைக்கலாம். அடியில் நின்று குளிக்கப் பூவாளியின் முகப்பைக் குழாய் நுனியில் பொருத்தினால் போதும். கீற்று வேய்ந்த மறைப்பு மட்டுமே உள்ள வீட்டில், சவுக்குக் கம்பு நட்டு உயரத்தில் ஏற்றுவதைவிட, இரண்டரை அடி உயரச் செங்கல் மேடையில் வைத்து வாளியில் பிடித்துக் குளிப்பதே பத்திரம்.

காலை 8 மணிக்குள் நிரப்பிவிட்டால், தெளிந்த நாளில் மாலை 4 மணிக்கு நீரின் சூடு 45 முதல் 50 டிகிரி வரை வந்திருக்கும். பச்சைத் தண்ணீர் கலந்தால் சுமார் ஏழு வாளி குளியல் நீர். மறுநாள் விடியலில் தெருவில் பாவு நீட்டும் வேலை உள்ளவர்கள் நாலரை மணிக்கே கண்ணாடியின் மேல் உமி அடைத்த சாக்கு மெத்தையைப் போட்டு மூடிவிட வேண்டும். சில டிகிரி குறைந்தாலும் விடியலில் விளாவாமல் குளிக்கும் அளவுக்குச் சூடு நிற்கும்.

தொட்டியைத் திறந்ததும் முதலில் வருவது அடிநீர். அது அவ்வளவு சூடாக இராது. பிறகு வருவதுதான் மேல்மட்டச் சூட்டு நீர். முதல் சொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை நிறுத்துவது ஆபத்து. வாளியில் பிடித்து, கலக்கி, முழங்கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

கருங்குழாய்ச் சுருள்

தொட்டி செய்ய மனமில்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஓர் அங்குல உள்விட்டம் உள்ள கறுப்புப் பாலிதீன் குழாய் 40 மீட்டர் எடுத்தால் அதனுள் 20 லிட்டர் நீர் நிற்கும். அதாவது ஒரு வாளி. அதைப் பாய் சுருட்டுவதுபோல் தட்டையாகச் சுற்றினால் நாலேகால் அடி அகல வட்டம் வரும். அடியில் வைக்கோல் பரப்பி, களத்திலோ கொட்டகைத் தகரத்தின் மேலோ போட்டு, ஒரு முனையை மேல்நிலைத் தொட்டியிலும் மறு முனையைக் குழாய்த் திருகிலும் இணைக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் குளிக்கும் சூடு வந்துவிடும். பாசனக் குழாயின் மிச்சத் துண்டுகள் கொட்டகையில் கிடக்கும் கழனிக்காரருக்கு இது செலவில்லாத வேலை.

மோட்டாரின் அழுத்தத்தை நேரே இதில் கொடுக்கக்கூடாது. வெயிலில் இளகிய குழாய் வெடிக்கும். இரண்டு முனைகளையும் அடைத்து வைப்பதும் கூடாது. பிற்பகலில் இதில் நிற்கும் நீர் கை பொறுக்காத சூட்டை எட்டும். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், குழந்தைகள் எட்டாத உயரத்தில் திருகு இருக்க வேண்டும். மெல்லிய குழாய் ஆகையால் பொழுது சாய்ந்ததும் வேகமாக ஆறிவிடும்; 5 மணிக்குள் குளித்துவிட வேண்டும்.

வெளிநாடுகளில் காட்டிலும் மலையிலும் கூடாரம் அடித்துத் தங்குவோர் 20 லிட்டர் பிடிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பையை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். காலையில் நீர் நிரப்பி வெயிலில் கிடத்தி, மாலையில் மரக்கிளையில் மாட்டி, அடியில் உள்ள சிறு பூவாளி வழியே குளிப்பார்கள். அறுவடை முடிந்த கழனிகளில் கிடை போட்டு ஊர் ஊராக நகரும் ஆட்டுக்காரர்களுக்கு இந்தப் பை கச்சிதமானது. மடித்தால் கக்கத்தில் அடங்கிவிடும். நிரம்பிய பையின் எடை 20 கிலோ. மாட்டும் கிளை முருங்கையாக இருக்கக்கூடாது.

எந்த வழியைப் பின்பற்றினாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ வந்த டப்பாவையும் பீப்பாயையும் எத்தனை முறை கழுவினாலும் குளியல் நீருக்குப் பயன்படுத்தக்கூடாது. பிளாஸ்டிக்கின் உடலில் ஊறிய மருந்து, நீர் சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சாயப்பட்டறைக்கு வந்த ரசாயனப் பீப்பாய்களும் அப்படியே. கறுப்பாக இருக்கிறது, சும்மா கிடக்கிறது என்று எடுத்துவிடத் தோன்றும் பாண்டங்கள் இவைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து தெளித்துவிட்டு வருகிறவருக்குக் கழனியிலேயே குளிக்கும் வசதி இருப்பது பெரிய நன்மை. வீட்டுக்குள் மருந்து வராது. வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும், கொதிக்கும் சூடு வேண்டாம். அந்தக் கழிவுநீரைக் கீரைப் பாத்திக்கோ மாட்டுத் தொட்டி இருக்கும் பக்கமோ விடக்கூடாது. சாதாரண நாளின் குளியல் நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் பாயலாம்.

இந்த நீர் குடிப்பதற்கும் வாய் கொப்பளிப்பதற்கும் உதவாது. வெதுவெதுப்பாக நாள்கணக்கில் தேங்கிய நீரில் கிருமிகள் பெருகும்; அதில் நுரையீரலைத் தாக்கும் வகையும் உண்டு. ஊருக்குப் போவதாக இருந்தால் தொட்டியை வடித்துவிட்டு, கண்ணாடியின் மேல் சாக்கைப் போட்டு மூட வேண்டும். காலித் தொட்டி வெயிலில் வெறுமனே காய்ந்தால் சாயம் உரியும்.

பட்டு வேலைக்கு உதவுமா?

சேவூரில் இந்தக் கேள்வி எழாமல் இராது. கச்சாப் பட்டில் எடையில் நாலில் ஒரு பங்கு வரை பசை இருக்கிறது. அதை நீக்கச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் 90 டிகிரிக்கு மேல் வேக வைக்க வேண்டும். மேலே சொன்ன தொட்டி அந்தச் சூட்டைத் தராது. ஆனால் 27 டிகிரியிலிருந்து 95 வரை அடுப்பில் ஏற்ற வேண்டிய நீரை 50 டிகிரியில் எடுத்து ஊற்றினால், மூன்றில் ஒரு பங்கு விறகு அங்கேயே மிச்சம். தினமும் பல அண்டா நீர் காயும் பட்டறைக்கு இது சிறிய தொகை அல்ல.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. துத்தநாகத் தகட்டுத் தொட்டியை அதற்கு வைக்கக்கூடாது. துருவின் ஒரு துளி போதும், வெளிர் நிறச் சேலைக்கான நூலில் கறை விழுந்துவிடும். சாயத்தின் நிறமும் மாறும். பட்டறைக்கு என்று செய்தால் எவர்சில்வர் தொட்டிதான். கடைகளில் கிடைக்கும் பெரிய சாதனங்களை வாங்கினாலும் உள்தொட்டி எந்த உலோகம் என்று கேட்டே வாங்க வேண்டும். உப்பு நீர் உள்ள இடத்தில் தொட்டிக்குள் சுண்ணாம்பு படியும். ஆண்டுக்கு ஒரு முறை வினிகரோ எலுமிச்சை உப்போ கரைத்து ஊற்றி, இரவெல்லாம் ஊறவிட்டு அலசினால் இளகி வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இந்த ஏற்பாடு எதுவும் கைகொடுக்காது. அந்த நாட்களுக்குப் பழைய அண்டாவும் நாலு கட்டு உலர்ந்த விறகும் இருக்கட்டும். மழை ஓய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பாத்தியிலுள்ள உமியைக் கையால் அள்ளிப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டியிருந்தால் அள்ளி எருக்குழியில் கொட்டிவிட்டு, மார்கழி பிறப்பதற்குள் புதிய உமி நிரப்பிவிட வேண்டும். எலி வளை தோண்டியிருந்தால், உமியோடு கொஞ்சம் நொச்சி இலையைக் காய வைத்துக் கலப்பது கிராமத்தில் வழக்கம். அடிச் செங்கலின் இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிடுவது அதைவிட நிச்சயமான வழி.